முதல் சர்வீஸ்கூட ஆகாத புது பைக்கை டிராக்கில் இறக்கலாமா?

வேளச்சேரி வண்டிக்காரன்:

மூன்று வாரங்களுக்கு முன் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வாங்கினேன். இதுவரை 640 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் சர்வீஸ் இன்னும் ஆகவில்லை. அடுத்த மாதம் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடக்கும் டிராக் டே (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பழகும் நாள்) ஒன்றுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறேன். முதலில் ஓராண்டு சாலையில் ஓட்டிப் பழகிவிட்டுப் பிறகு டிராக்கைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார் என் மாமா. எனக்கு அது தலைகீழாகத் தோன்றுகிறது. மாடும் லாரியும் எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டரும் உள்ள சாலையிலா இந்த வண்டியின் வேகத்தை நான் முதன்முதலில் அறிய வேண்டும்? உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

பழைய சோழவரம்:

தம்பி, உங்கள் மாமாவின் பக்கமே நான் நிற்கிறேன். இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990-இல் திறக்கப்படுவதற்கு முன்பு, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களை வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்து வளர்ந்தவன் என்பதால், இந்த விளையாட்டின் மீது எனக்கு வெறுப்பு இல்லை. ஆனால் அறியாத வண்டி, அறியாத தடம் என்ற இரண்டையும் ஒரே நாளில் கற்க முயல்வது தவறு. அந்தத் தடத்தின் நீளம் 3.717 கிலோமீட்டர், வளைவுகள் 12. ஒவ்வொரு வளைவுக்கும் எங்கே பிரேக் பிடிப்பது, எந்த கியருக்கு இறங்குவது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, கிளட்ச் எவ்வளவு இறுக்கம், முன் பிரேக் எவ்வளவு கூர்மை என்பதையெல்லாம் கை தானாகவே அறிந்திருக்க வேண்டும். 640 கிலோமீட்டரில் அந்தப் பழக்கம் வந்துவிடாது. 2023 ஆகஸ்டில் அதே தடத்தில் தேசியப் போட்டியின்போது கீழே விழுந்த 13 வயது வீரன் உயிரிழந்தான். பயிற்சி பெற்ற பிள்ளைக்கே அப்படி நேர்ந்தது.

கோவை ரைடர்:

ஐயா, அந்தச் சிறுவனின் மரணம் எங்கள் எல்லோரையும் உலுக்கியது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இருப்பினும் அது பந்தயம். பல வண்டிகள் நெருக்கமாக ஒரே வளைவுக்குள் இடம் பிடிக்கப் போராடும் சூழலும், திறமைக்கேற்பக் குழு பிரித்து, தொடக்கநிலையினர் வளைவுக்குள் முந்தக் கூடாது என்று தடுத்து, 15 அல்லது 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இறக்கி ஓய்வு கொடுக்கும் டிராக் டேயும் ஒன்றல்ல. இங்கே முதலிடம் என்று எதுவும் கிடையாது. மஞ்சள் கொடி கண்டால் முந்தாமல் வேகம் குறைக்க வேண்டும், சிவப்புக் கொடி கண்டால் தடத்தோரம் வண்டிகள் நிற்கும் இடமான பிட்டுக்கு நிதானமாகத் திரும்ப வேண்டும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நான் முதன்முறை ஓட்டிய நாளில் கற்றது வேகத்தை அல்ல, பார்வையை. சாலையில் பத்தாண்டுகள் ஓட்டியும், நான் முன் சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தார்ப்பரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றுதான் புரிந்தது. வளைவுக்குள் நுழையும்போதே அதன் வெளிவாயிலைக் கண் தேட வேண்டும். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டியும் போகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி வேகமானியைக் குனிந்து பார்த்தால், கிட்டத்தட்ட 39 மீட்டரைக் குருடராகக் கடக்கிறோம். பிரேக்கும் அப்படித்தான்: 100-இல் நிற்கத் தேவைப்படும் தூரம் 140-இல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனால் அடுத்தடுத்த சுற்றுகளில் அதே இடத்தில், அதே வளைவுக்கு முன் பிரேக் பிடித்துப் பார்த்தபோதுதான் என் உடல் அதை நம்பியது. இந்தத் திரும்பச் செய்தல் எந்தச் சாலையில் கிடைக்கும்?

ஓசூர் பட்டறை:

இருவரும் வண்டியை மறந்துவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். முதல் சர்வீஸுக்கு முன் டிராக்கில் இறக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புது என்ஜினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களான பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு இன்னும் பொருந்திக்கொண்டிருக்கும். அப்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் ஆயிலில் மிதக்கும். அந்த ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றாமல் நீண்ட நேரம் உச்சச் சுழற்சியில் ஓட்டுவது சரியல்ல. அதற்காக ஆயிரம் கிலோமீட்டரையும் நாற்பதிலேயே உருட்டுவதும் தவறு. கையேடு சொல்லும் வரம்புக்குள் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங்குகள் நன்றாகப் படியும்.

டயரிலும் கவனம் வேண்டும். சாலைக்குச் சொல்லப்பட்ட காற்றழுத்தம் குளிர்ந்த டயருக்கானது. சென்னை வெயிலில் நான்கு சுற்றுகள் ஓடினால் அழுத்தம் ஏறித் தரைப்பிடிப்பு மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு இடைவேளையிலும் அளந்து பாருங்கள். பிரேக் பேடு, சங்கிலித் தளர்வு இரண்டையும் முதல் நாளே பட்டறையில் பார்த்துவிடுங்கள்.

பழைய சோழவரம்:

என்ஜினைப் பற்றி ஓசூர் நண்பர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் அச்சம் வேறு. இன்சூரன்ஸ் பத்திரத்தின் பயன்பாட்டு வரம்பைப் படியுங்கள். ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் அதில் விலக்கப்பட்டிருக்கும். வளைவில் ஒருமுறை சரிந்தாலும் ஃபேரிங் என்ற வெளிமூடியும் ஹேண்டிலும் கால்தாங்கியும் போகும். அந்தச் செலவு முழுவதும் உங்கள் தலையில்தான், மாதத் தவணையும் அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. டிராக்கில் ஒரு நாள் ஓட்டிய இளைஞன் மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அதே துணிச்சலோடு வருவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே மணல் கிடக்கும், கொடி காட்டி எச்சரிக்கும் மார்ஷல் இருக்கமாட்டார்.

கோவை ரைடர்:

இன்சூரன்ஸ் குறித்து நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. பயிற்சிக்கு அந்த விலக்கு பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு, பதிலை வைத்துக்கொண்ட பிறகே வண்டியை இறக்க வேண்டும். ஆனால் துணிச்சல் பற்றிய கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முழு லெதர் சூட், பூட்ஸ், கையுறை அணிந்து, விழுந்தாலும் சறுக்கிச் செல்ல இடமிருக்கும் தடத்தில், ஆம்புலன்ஸ் காத்திருக்க ஓட்டிவிட்டு வந்த எனக்கு, ஜீன்ஸும் செருப்புமாகச் சாலையில் சாய்ந்து போவதற்கு மனமே வரவில்லை. வேக ஆசையைத் தீர்த்துக்கொள்ள ஓர் இடம் இருப்பதால் சாலையில் என் வேகம் குறைந்தது.

வேளச்சேரி வண்டிக்காரன்:

அனைவருக்கும் நன்றி. அடுத்த மாத டிராக் டேயை விட்டுவிடுகிறேன். முதல் சர்வீஸை முடித்து, இன்சூரன்ஸ் நிறுவனத்தின் பதிலும் கைக்கு வந்த பிறகு, அதற்கடுத்த டிராக் டேக்குத் தொடக்கநிலைக் குழுவில் பெயர் கொடுப்பேன். என் வண்டியில் ரெயின், அர்பன் என்ற ஓட்டுநிலைகளில் என்ஜினின் சக்தி குறைவாகவே வரும் என்பதால், காலைச் சுற்றுகளை அர்பனிலேயே ஓட்டித் தடத்தை மட்டும் கற்பேன். ஓராண்டு காத்திருக்க மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை, ஐயா.

பழைய சோழவரம்:

நானும் உடன்படவில்லை, தம்பி. ஆறு மாதமாவது சாலையில் நிதானமாக ஓட்டிய பிறகு போங்கள் என்பதே இப்போதும் என் கருத்து. போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், லெதர் சூட்டை முந்தைய வாரமே வாடகைக்கு எடுத்து, அதை அணிந்து வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் மடங்காத சூட்டோடு முதல் சுற்றுக்குப் போகாதீர்கள்.