ருபீடியம் கடிகாரம் தினமும் 150 நானோ நொடி ஏறி இறங்குது. சூடா, ஜிபிஎஸ்ஸா?

ஓசூர்_பெஞ்ச்:
ஓசூர்ல, சுமார் 900 மீட்டர் உயரத்துல, ஒரு பழைய டெலிகாம் ருபீடியம் ஆஸிலேட்டர் (ருபீடியம் அணுவை வச்சு அதிர்வெண்ணை நிலையா நிறுத்துற அணுக்கடிகாரம்) ஓடுது. அதோட 10 மெகாஹெர்ட்ஸை வகுத்து வர்ற நொடித் துடிப்பை, ஒற்றை அலைவரிசை ஜிபிஎஸ் ரிசீவரோட துடிப்போட கவுண்டர்ல ஒப்பிடுறேன். நேர்கோட்டு நகர்வைக் கழிச்ச பிறகும் தினமும் 150 நானோ நொடி ஏறி இறங்குது. பிழை எந்தப் பக்கம்? உயரமும் இதுல சேருமா?

பாலக்கோடு_வானொலி:
உயரத்தை விட்டுடுங்க. சார்பியல்படி உயரம் கூடினா கடிகாரம் துளி வேகமா ஓடும், ஆனா அது ரொம்பக் கம்மி. மீட்டருக்கு 1.09×10⁻¹⁶ வீதம் 900 மீட்டருக்கு நாளைக்கு 8.5 நானோ நொடிதான். தருமபுரியில வச்சா அதுல பாதி. அது மாறாத வேகம். நீங்க கழிச்ச நேர்கோட்டுக்குள்ளயே போயிருக்கும்.

24 மணி நேர அலையில 150 நானோ நொடின்னா அதிர்வெண் ±5.5×10⁻¹² ஆடுதுன்னு அர்த்தம். ருபீடியம் டிகிரிக்கு 10⁻¹² கணக்குல நகர்றது சகஜம், அறைச் சூடு சில டிகிரி மாறினாலே போதும். எதுன்னு பிரிக்க, உச்சம் வர்ற மணியைப் பாருங்க. சூடு மாத்துறது அதிர்வெண்ணை. நேர வித்தியாசம் அதோட கூட்டுத்தொகை. அதனால சூடு உச்சம் தொட்டு 6 மணி நேரம் கழிச்சுத்தான் வரைபடத்துல உச்சியோ பள்ளமோ வரும். மதியம் 2 மணியை ஒட்டியே உச்சம்னா அயனமண்டலம், அதாவது ஜிபிஎஸ் சிக்னலைத் தாமதிக்கிற மேல்வளிமண்டல மின்னூட்ட அடுக்கு.

ஊத்தங்கரை_12:
அயனமண்டலத்தை லேசா எடுத்துக்காதீங்க. நாம காந்த நடுக்கோட்டுக்குப் பக்கம். ரிசீவர் ஒரு கணக்கு மாதிரியை வச்சு அந்தத் தாமதத்தைத் திருத்தினது போக மிச்சமே பத்துக்கணக்கான நானோ நொடி நிக்கும். மார்ச், செப்டம்பர் ஒட்டின மாசங்கள்ல பொழுது சாய்ஞ்ச பிறகு சிக்னலோட பலமே படபடன்னு ஏறி இறங்கும். ஆனா 150 முழுசும் அதுவா இருக்காது. பக்கத்துல தகரக் கூரை இருந்தா எதிரொலிப்பையும் (சிக்னல் கூரையில பட்டுத் தெறிச்சு வர்றது) பாருங்க: செயற்கைக்கோள்கள் அதே இடத்துக்குத் தினமும் 4 நிமிஷம் முன்னாடியே வர்றதால, அதுவும் 4 நிமிஷம் முன்னாடி தள்ளி வரும். 10 நாள் பதிவுல 40 நிமிஷம், கண்ணுக்கே தெரியும். ஆன்டெனா கேபிள் மீட்டருக்கு 5 நானோ நொடி. அது மாறாது, கவலை வேண்டாம்.

ஓசூர்_பெஞ்ச்:
நன்றிங்க. சூட்டைப் பதிவு பண்ண தெர்மிஸ்டரை (வெப்ப உணரி) காத்துல தொங்க விடணுமா, ருபீடியம் பெட்டியோட தகட்டுல ஒட்டணுமா?

பாலக்கோடு_வானொலி:
அடித்தகட்டுலங்க. உள்ள இருக்கிற ருபீடியம் விளக்கு, ருபீடியம் ஆவி இருக்கிற குடுவை ரெண்டோட சூடும் அது வழியாத்தான் வெளியேறுது. 10 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டுல தெர்மல் பேஸ்ட் தடவி இறுக்குங்க. ஃபேனை முழு வேகத்துல விடாதீங்க, அறைச் சூட்டை அப்படியே தகட்டுக்குக் கொண்டுவந்துடும். தெர்மிஸ்டரைப் பார்த்து வேகம் மாறி, தகட்டை 42 டிகிரியிலயே நிறுத்தணும். 100 நொடி சராசரியா பதிவு பண்ணுங்க, ஜிபிஎஸ் துடிப்போட ரம்பப்பல் பிழை (ரிசீவர் தன் உள் கடிகாரப் படிகள்ல மட்டுமே துடிப்பை விடுறதால வர்ற ஏற்ற இறக்கம்) பெரும்பாலும் அடங்கிடும்.

யூபிஎஸ் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருந்தா ஒரு மீட்டராவது தள்ளுங்க. காந்தப்புலம் மாறினா அதிர்வெண்ணும் மாறும். பெட்டியை 90 டிகிரி திருப்பி வச்சுப் பாருங்க. நேர வித்தியாசக் கோட்டோட சரிவு மாறினா காந்தக் கவசம் பத்தலை.