சிகாகோவில் 3 நாள்: அம்மாவுக்கும் மகனுக்கும் தோதான திட்டம் சொல்லுங்களேன்

வணக்கம். அடுத்த மாதம் அம்மாவையும் 9 வயது மகனையும் சிகாகோவுக்குக் கூட்டிப்போகிறேன்.

1893இல் விவேகானந்தர் பேசிய கட்டடம், இன்றைய ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலை அருங்காட்சியகம், அதைப் பார்ப்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. எங்கள் ஊர் ராமநாதபுரம். விவேகானந்தரை ஆதரித்த எங்கள் ஊர் மன்னர் பாஸ்கர சேதுபதியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. ஆனால் முழங்கால் வலி. பத்துப் படி ஏறினாலே கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவார். சிங்கச் சிலைகள் நிற்கும் அந்த முன்வாசல் படிகளில் ஏறாமல் உள்ளே போக எந்தப் பக்கம் வரவேண்டும்?

மகனுக்கு ஃபீல்டு மியூசியத்தின் 'சூ' டைனோசர்தான் எல்லாம். பக்கத்திலேயே ஷெட் மீன் காட்சியகமும் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் அம்மா களைத்துவிடுவாரா? அப்புறம், அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் யு-505 என்ற பழைய ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலுக்காகத் தெற்கே ஹைட் பார்க் பகுதி வரை போகலாமா? பெரியவர்களோடு போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.