உதவி, ஒரு குடும்பம்

வெள்ளவத்தைக்காரன்:

கடவுளின் கிருபையைக் கண்ட கதை கேட்டதற்கு எல்லோரும் சுகமான கதை, விசா கிடைத்த கதை எழுதுகிறீர்கள். என்னுடையது திருட்டுக் கதை. சபையின் பெயரையும் ஆட்களின் பெயரையும் கேட்காதீர்கள்.

2022. கொழும்பில் இருந்தவர்களுக்கு அந்த வருடத்தை விளக்கத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, முந்தின வருடம் 1,500க்குள் வாங்கின 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் ஏப்ரலில் 4,860, அதுவும் காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றாலும் கிடைக்கும் என்று இல்லை. நான் வேலை செய்த புறக்கோட்டைத் துணிக்கடையில் முதலாளி யாரையும் நிறுத்தவில்லை, எல்லோருக்கும் சம்பளத்தைப் பாதியாக்கினார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்த நேரம் எங்கள் மெதடிஸ்த சபையின் ஏழைநிதி என் பொறுப்பில் இருந்தது. பெரிய பதவி ஒன்றும் இல்லை, ஒரு நீலக் கொப்பி, ஒரு பிஸ்கட் டின், மாதம் ஒருமுறை பொருளாளரிடம் கணக்குக் காட்டுவது, அவ்வளவுதான்.

முதலில் 5,000 எடுத்தேன். சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன், எந்தக் கள்ளன்தான் அப்படி நினைக்கவில்லை. ஆவணி முடியும்போது 42,000 ஆகிவிட்டது. பெட்டியில் விழும் காசை எண்ணி எழுதுவதும் நானே என்பதால் குறைத்து எழுதுவது கஷ்டமாக இருக்கவில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் விளங்காத ஒன்று இருக்கிறது. அந்தக் காசு இருந்ததே என் வீட்டைப் போன்ற வீடுகளுக்குத்தான். கேட்டிருந்தால் தந்திருப்பார்கள். அதே மாதங்களில் மூன்று வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன், அவர்கள் வாசலில் நின்று கண் கலங்கும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எனக்கு எடுக்க வெட்கம் வரவில்லை. கேட்கத்தான் வெட்கம்.

முதல் ஞாயிறு அப்பமும் ரசமும் தரும் திருவிருந்துக்கும் தவறாமல் போனேன். போகாவிட்டால் ஆட்கள் யோசிப்பார்களே.

புரட்டாதியில் ஒரு பின்னேரம் தாங்க முடியாமல் பொருளாளர் வீட்டுக்குப் போனேன். எழுபது தாண்டின ஓய்வுபெற்ற டீச்சர், கடற்கரைப் பக்க ஒழுங்கையில் தனியாக இருக்கிறார். சொல்ல வாயெடுத்தேன், அந்த நேரம் பார்த்து ரயில் போனது. அந்தப் பக்கத்து வீடுகளில் ரயில் போனால் கதையை நிறுத்தத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ரயில் போய் முடிந்ததும் டீச்சர் முந்திக்கொண்டார். "தெரியும் தம்பி. எவ்வளவு?"

விஷயம் இதுதான். பெட்டியில் மாதாமாதம் பெயர் எழுதாத என்வலப்பில் காசு வைத்தது டீச்சர்தான். தன் பென்ஷனில் இருந்து வைத்த காசு என் கொப்பியில் ஏறாமலே போவதை நாலு மாதம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். தன்னுடைய பெரிய கணக்குப் புத்தகத்தை எடுத்துத் திறந்து காட்டினார். ஒரு வரி ஏற்கனவே எழுதியிருந்தது: உதவி, ஒரு குடும்பம். தொகை மட்டும் வெற்றிடம். நான் 42,000 என்றேன், பேனையை எடுத்து எழுதினார். "ஐயாவுக்கும் தெரியும், போன மாதமே அவரிடம் கேட்டுத்தான் இந்த வரியை எழுதினேன்."

அப்படியென்றால் போன முதல் ஞாயிறு போதகர் ஐயா எல்லாம் தெரிந்துகொண்டே என் கையில் அப்பத்தை வைத்திருக்கிறார்.

நான் அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏசியிருந்தால், பொறுப்பைப் பறித்திருந்தால் (பொறுப்பைப் பிறகு வேறு ஒருவரிடம் கொடுத்தார்கள், அது சரிதான்), தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு கணக்கு முடிந்தது என்று வீட்டுக்குப் போயிருப்பேன். இது அப்படி இல்லை. நான் கேட்கக் கூச்சப்பட்ட அதே பட்டியலில் என்னைப் போட்டுவிட்டார்.

காலி வீதியில் நின்று 100ஆம் இலக்க பஸ் மூன்றை விட்டேன், ஏற மனம் வரவில்லை. பைபிளில் ரோமர் 4 சின்னதிலேயே மனப்பாடம். கிரியை செய்கிறவனுக்கு வருவது கூலி, அது கடன், கிருபை அல்ல என்று பவுல் எழுதுவதை ஏதோ பரலோகத்துக் கணக்கு என்று நினைத்திருந்தேன். பிளேன்டீக் கறை பட்ட ஒரு புத்தகத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

மாதம் 6,000 படி ஏழு மாதத்தில் காசைத் திருப்பி வைத்தேன். முதல் தடவை டீச்சரிடம் கொண்டுபோனேன், வாங்கவில்லை, "பெட்டி இருக்குதே" என்றார். கடைசி மாதம், அந்த வரிக்குப் பக்கத்தில் 'திருப்பிச் செலுத்தப்பட்டது' என்று எழுதச் சொல்லிக் கேட்டேன். "உதவி கடன் இல்லையே தம்பி." எழுதவே இல்லை. அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி, நான் கத்தோலிக்கம், நீங்கள் கிருபை என்பதை நாங்கள் அருள் என்போம். உங்கள் கோபத்தைப் படித்துச் சிரிப்பும் வந்தது, எனக்கும் அதே வருத்தம்தான். 2017இல் என் மகனுக்கு டெங்கு. அந்த வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பிளேட்லெட் 18,000க்கு இறங்கின இரவு, கொச்சிக்கடை அந்தோனியாருக்கு 13 செவ்வாய்க்கிழமை வருவேன் என்று நேர்ந்தேன். மகன் பிழைத்தான். நான் நாலு செவ்வாய் போனேன். பிறகு மழை, டியூஷன், வீட்டு வேலை, உங்களுக்குத் தெரியும்தானே. கோவிலடியில் பஸ் போகும்போது மற்றப் பக்கம் பார்ப்பேன், கடன் வைத்த கடையைத் தாண்டுவதுபோல.

2019 ஏப்ரல் 21 வந்தது, அதே கோவிலில் குண்டு வெடித்தது. அந்த ஈஸ்டர் ஞாயிறைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க என் மூளைக்குள் ஒரு கேவலமான எண்ணம், நான் பாதியில் விட்ட கோவில் என்று. அங்கே செத்த பிள்ளைகளுக்கும் என் நேர்த்திக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள். ஜூனில் திறந்தார்கள், போனேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு பாவசங்கீர்த்தனம். ஒன்பது செவ்வாய் பாக்கி என்று சொன்னதும் பாதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார், நாலாவது கிழமையோடு நீங்கள் நிறுத்தினீர்களே, பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்ததா?

வரவில்லை. எனக்கு அது ஒருநாளும் யோசனையில் பட்டதே இல்லை.

பெயர் வேண்டாம்:

இரண்டையும் படித்தேன். சொறி, எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் சபையில் சீட்டுப் பிடித்த ஒருவர் என் அப்பாவின் 3 லட்சத்தோடு சேர்த்துப் பலருடைய காசை விழுங்கினார். இரண்டு வருடம் கழித்து அதே சபையில் எழும்பி, கர்த்தர் என்னை மன்னித்தார் என்று சாட்சி சொன்னார், ஆட்கள் அல்லேலூயா போட்டார்கள். அப்பா மூன்றாவது வாங்கில் இருந்தார். ஒரு சதம் வரவில்லை. பைபிளில் வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கினதை நாலு மடங்காகத் தருகிறேன் என்று சொன்னானே, அதை ஏன் ஒருவரும் பிரசங்கிப்பதில்லை? டீச்சர் தன் காசை மன்னித்தார், சரி. அப்பாவின் காசை மன்னிக்க அந்த அல்லேலூயாக்காரர்கள் யார்?

வெள்ளவத்தைக்காரன்:

நீங்கள் கேட்பது நியாயம். சகேயு வாயைத் திறப்பதற்கு முதலே இயேசு அவன் வீட்டில் தங்க வருகிறேன் என்று சொல்லிவிட்டார், லூக்கா 19இல் அந்த வரிசைதான் இருக்கிறது. ஆனால் அவர் வந்த பிறகு காசு வீட்டை விட்டு வெளியே போனது. உங்கள் சீட்டுக்காரர் வீட்டில் இருந்து போகவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, அப்பாவிடம் சொல்லவும் ஒன்றும் இல்லை. நான் 42,000 திருப்பி வைத்தவன் என்பதால் அவரைவிட நல்லவன் என்று எழுதத்தான் முதலில் டைப் பண்ணினேன், பிறகு அழித்துவிட்டேன்.

அப்பா இப்போதும் கோவிலுக்குப் போகிறாரா?

பெயர் வேண்டாம்:

போகிறார். அதே மூன்றாவது வாங்கு. அந்தச் சீட்டுக்காரர் திருவிருந்துக்கு எழும்பினால் அப்பா எழும்புவதில்லை, அடுத்த வரிசை வரும்வரை காத்திருப்பார். போன மாதம் மட்டும் எழும்பினார். ஏன் என்று நான் கேட்கவில்லை.