"நேகிங் ஃபீலிங்": கட்டுரையில எப்படி எழுதுறது?

ஹட்டன் மாணவி:
ஓலெவல் பரீட்சை இங்கிலிஷ் கட்டுரைக்கு மழைக்கால ராத்திரி ஒன்னைப் பத்தி எழுதுறேன். லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பின்னால மண்மேட்டுல வெடிப்பு; அது விடியிற வரைக்கும் மனசை அரிச்சிக்கிட்டே இருக்கு. "ஐ ஆம் நேகிங் ஃபீலிங் அபவுட் த பேங்க்" சரிங்களா? பேங்க்னா இங்க அந்த மண்மேடு.

பண்டாரவளை டீச்சர்:
இல்ல தங்கச்சி. "ஐ ஆம் நேகிங்"னு எழுதினா நீங்க யாரையோ நச்சரிக்கிறதா ஆகிடும். அரிக்கிறது உணர்வு, ஆள் இல்ல. ஃபீலிங் பெயர்ச்சொல், நேகிங் அதுக்கு அடைமொழி, முன்னால ஒரு "எ":

"ஐ ஹேட் எ நேகிங் ஃபீலிங் தட் த பேங்க் வுட் கிவ் வே."

"தட்" வந்தா பிறகு எழுவாய், வினையோட முழு வாக்கியம் வரணும். வெறும் பெயர்ச்சொல்னா "ஒஃப்": "எ நேகிங் ஃபீலிங் ஒஃப் கில்ட்". "அபவுட்" போட ஆசையா? அப்ப டவுட் தான் நல்லா இருக்கும். கொழுந்து நிறுக்கிற இடத்துல தராசு மேல சந்தேகம்: "ஷீ ஹேட் எ நேகிங் டவுட் அபவுட் த வெயிட்."

"ஐ ஆம் ஹேவிங்" நம்ம பேச்சுல சகஜம். பரீட்சைத்தாள்ல ஹேவ், ஹேட் மட்டும். நேகிங்ல நடுவுல ஜீ ரெண்டு.

பதுளைவாசி:
வினையா எழுதினா அதுக்குப் பின்னால "எட்" (at) சேருங்க: "த தோட் நேக்ட் எட் மீ ஓல் நைட்." அதை விட்டுட்டு "மை மதர் நேக்ட் மீ"ன்னா அம்மா தொணதொணன்னு பேசினாங்கன்னு அர்த்தம். கொறிக்கிறது, கடிக்கிறதுங்கிற பொருள்ல இருந்த ஸ்காண்டிநேவியச் சொல்லோட உறவுன்னு அகராதிகள் சொல்லுது. நீங்க எழுதின "அரிச்சிக்கிட்டே" அச்சா அதேதான்! "பர்சிஸ்டண்ட் நேகிங்"னு எழுதாதீங்க, விடாம அரிக்கிறது நேகிங்லயே இருக்கு.

வெடிப்பு நிஜமாவே இருந்தா முதல்ல அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117க்கு கோல் எடுங்க, கட்டுரை பிறகு.

ஹட்டன் மாணவி:
கற்பனைதாங்க. காலையில பார்த்தா வெடிப்பு இன்னும் அகலமாகி இருக்கு, நெஞ்சு திக்குங்குது. அதுக்கும் நேகிங்தானா?

பண்டாரவளை டீச்சர்:
அதுக்கு இல்ல. நேகிங் மெதுவா, மணிக்கணக்கா அரிக்கிறது. கெட்டது நடக்கப் போகுதுன்னு சட்டுனு புரிஞ்சு மனசு உள்ள இறங்கினா "எ சிங்கிங் ஃபீலிங்". அங்க கே எழுத்தைக் கவனிங்க. கேக்குப் பதிலா ஜீ போட்டா பாட்டுப் பாடுறதாகிடும். ராத்திரிக்கு நேகிங், காலைக்கு சிங்கிங்னு வச்சீங்கன்னா பயம் கூடிக்கிட்டே போறது வாசிக்கிறவங்களுக்கும் தெரியும்.