நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் சரியாகிறது – டாக்டரைப் பார்க்கணுமா?

மழைத்துளி:
அப்பாவுக்கு 64 வயது. சுகர் ரொம்ப வருஷமாக இருக்கிறது, சிகரெட்டையும் விட்டபாடில்லை. இப்போதெல்லாம் கொஞ்ச தூரம் நடந்தாலே வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது என்று நின்றுவிடுகிறார், இரண்டு மூன்று நிமிஷத்தில் வலி போய்விடுகிறது, திரும்ப நடந்தால் ஏறக்குறைய அதே தூரத்தில் மறுபடி பிடிக்கிறது. அந்தப் பாதம் மட்டும் தொட்டால் சில்லென்று இருக்கிறது. கேட்டால் வயசானால் இப்படித்தான் என்கிறார். விட்டுப் பார்க்கலாமா?

வார்டு_நர்ஸ்:
வயசு மேல் பழி போடாதீர்கள். நடந்தால் வலி, சும்மா நின்றாலே நிவாரணம் என்றால் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயான தமனி சுருங்கியிருக்கலாம். முதுகுத்தண்டில் நரம்பு அழுந்தி வருகிற வலி பெரும்பாலும் நின்றால் போகாது, உட்காரணும் அல்லது முன்னால் குனியணும். இந்த வாரமே காட்டிவிடுங்கள். கணுக்காலிலும் கையிலும் பிரஷர் எடுத்து, கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்துப் பார்ப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு என்று அர்த்தம். ஆனால் நாள்பட்ட சுகரில் ரத்தக்குழாய் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிடும், அப்போது அந்த எண் பொய்யாக நார்மல் காட்டும், ஆகவே கால் விரலில் பிரஷர் எடுக்கணுமா, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள்.

அப்புறம், ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போடுகிறாரா? விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்கள். சுகரில் உணர்ச்சி குறைந்திருந்தால் புண் இருப்பதே தெரியாது.

மழைத்துளி:
பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் சின்னப் புண், ஓரம் கறுத்திருக்கிறது. செருப்புக் கடி, ஒரு மாசம் இருக்கும் என்கிறார். ராத்திரி தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாராம், தூக்கம் வரவில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

வார்டு_நர்ஸ்:
அப்படியானால் இந்த வாரம் என்று நான் சொன்னதை மறந்துவிடுங்கள், நாளைக் காலையிலேயே போங்கள், முடிந்தால் ரத்தநாள நிபுணரிடமே. படுத்தால் வலிப்பதால்தான் காலைத் தொங்கப் போடுகிறார் போலிருக்கிறது; அந்த வலி, ஆறாத புண், இரண்டும் சேர்ந்தால் காலையே இழக்க வாய்ப்பு உண்டு. வெந்நீர் ஒத்தடமோ கால் ஆணி பிளாஸ்திரியோ வேண்டாம், சுத்தமான துணி வைத்து உலர்வாக மூடுங்கள். திடீரென்று கால் வெளுத்து, ஜில்லிட்டு, மரத்துப்போய், விரலை அசைக்க முடியவில்லை என்றால் விடியும் வரை பார்க்காதீர்கள், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். 6 மணி நேரம் தாண்டினால் தசையைக் காப்பாற்றுவது கஷ்டம்.

பழைய_கால்:
இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: எனக்கு வந்தது வேற மாதிரி. ஆபரேஷன் முடிந்து படுக்கையிலேயே கிடந்தபோது இடது கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, கெண்டைக்காலில் வலி. சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தக்கட்டி. வீட்டில் எண்ணெய் தேய்த்து நீவிவிட வந்தார்கள், நல்லவேளை தடுத்துவிட்டேன், நீவினால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். இப்படி ஒரு கால் மட்டும் வீங்கினால் அன்றைக்கே காட்டணும், கூடவே மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஆம்புலன்ஸ்தான்.

மழைத்துளி:
சரி, நாளைக்கே கிளம்புகிறோம். பக்கத்து வீட்டு அக்கா இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடச் சொல்கிறார், அதுவரை போடலாமா?

வார்டு_நர்ஸ்:
வேண்டவே வேண்டாம். அது சிரைக் கோளாறுக்கு. தமனி அடைத்த காலில் போட்டால் வருகிற கொஞ்ச ரத்தமும் குறையும்.