வரியடக்க விலையா, வரிசேர் விலையா?

வணக்கம்.

இணையக் கடை மென்பொருளுக்கான தமிழ்ச் சொல் வரைவில், வரியும் சேர்த்துக் காட்டும் விலைக்கு ‘வரியடக்க விலை’ என்று முன்வைத்திருக்கிறீர்கள். இதை ஏற்க முடியவில்லை. கடைக்காரருக்கு ‘அடக்க விலை’ என்றால் கொள்முதலும் வண்டிக்கூலியும் சேர்ந்து தனக்கு அடங்கிய விலை. அதை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டார் என்றால் சரக்கு லாபமில்லாமல் போய்விடும். ‘வரிக்கு உட்பட்ட விலை’ இன்னும் ஆபத்து: வரி போடவேண்டிய விலை என்று தலைகீழாகிவிடும். பொட்டலத்தில் ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்பது தெளிவு. அந்த ‘உட்பட’ ‘உட்பட்ட’ ஆனால் பொருளே வேறு.

என் பரிந்துரை ‘வரிசேர் விலை’. வரி சேர்க்காத விலைக்கு, அதன் ஜோடியாக ‘வரிமுன் விலை’. ‘வரி நீங்கிய விலை’ என்றால் வரிவிலக்கு பெற்ற பொருள் என்று நினைப்பார்கள்.

உதவிக் குறிப்பில் கணக்கையும் எழுதிவிடுவோம். வரிசேர் விலை 1,180, ஜிஎஸ்டி 18% என்றால் வரி 1,180 × 18 ÷ 118 = 180. பலர் 1,180-க்கே 18% போட்டு 212.40 கழிக்கிறார்கள், அது தவறு.

---

ஐயா, வணக்கம்.

‘வரிசேர் விலை’ எனக்குச் சம்மதம். மென்பொருளின் அமைப்பு பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும்: சேமிக்கவேண்டியது வரிசேர் விலையைத்தான். 99 ரூபாய்ப் பொருளுக்கு 18% வரியென்றால் வரிமுன் விலை 83.898... அதை 83.90 என்று முழுமையாக்கிச் சேமித்தால், பத்து வாங்கும்போது 839 + 151.02, ஆக 990.02 என்று பில் வரும். கடைப் பக்கத்தில் 99 என்று பார்த்தவர் அந்த 2 காசை ஏன் தரவேண்டும்? 990-இலிருந்து பின்னோக்கிப் பிரித்தால் வரி 151.02, வரிமுன் 838.98, சரியாக நிற்கும்.

2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விற்பவர் எல்லாம் சேர்ந்த விலையை ஒரே எண்ணாகவும், டெலிவரிக் கட்டணம், வரி முதலியவற்றைப் பிரித்தும் காட்டவேண்டும். அந்த ஒரே எண்ணுக்கு வரைவில் ‘மொத்த விலை’ என்று இருக்கிறது. சந்தையில் மொத்த விலை என்றால் மூட்டைக் கணக்கில் வாங்குபவருக்கான விலை. ‘செலுத்தும் தொகை’ என்று மாற்றலாம். டெலிவரிக் கட்டணம் இதில் சேரும், வரிசேர் விலையில் சேராது. ஆகவே இரண்டு சொல்லும் தேவை.

பில்லில் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே வரும் தொகையை ‘வரித் தொகை’ என்று எழுதியிருப்பதையும் எடுத்துவிடுங்கள். அங்கே வரி என்றது பில்லின் ஒரு வரிசையை. படிப்பவர் ஜிஎஸ்டி என்றே கொள்வார். ‘உருப்படித் தொகை’ என்று போட்டுவிடலாம்.