சந்தா கட்டாமல் ரா எடிட்டிங்: எதில் தொடங்கலாம்?

நீர்க்காகம்:

வணக்கம். மூன்று வருடமாகப் பறவைகளைப் படமெடுக்கிறேன். தொழில் இல்லை, விடுமுறை நாளில் விடியுமுன் போய் நீர்நிலை ஓரம் உட்காருவதோடு சரி. மீன்கொத்தி பாயும் நேரத்தில் பொத்தானிலிருந்து விரலை எடுக்கத் தெரியாதவன் என்பதால் ஒரே காலையில் ஐந்நூறு படம் சேர்ந்துவிடும்.

இத்தனை நாள் ஜேபெக்கில்தான் எடுத்தேன். போன மாதம் வெயிலில் நின்ற ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்து வந்து வீட்டில் பார்த்தால், முதுகில் ஒரு இறகுகூடத் தெரியவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. ஸ்லைடரை இழுத்தால் வெள்ளை சாம்பலானதே தவிர இறகு வரவில்லை. அன்றே ராவுக்கு, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்புக்கு, மாறிவிட்டேன்.

இப்போது எதில் எடிட் செய்வது? மாதச் சந்தா எனக்கு ஒத்துவராது, மழைக்காலத்தில் இரண்டு மாதம் கேமராவைத் தொடவே மாட்டேன். ஜிம்ப், டார்க்டேபிள், அஃபினிட்டி என்று ஆளுக்கொரு மென்பொருள் சொல்கிறார்கள். டார்க்டேபிளை இறக்கிப் பார்த்தேன். ஒயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) மாற்றியதும் ஏதோ எச்சரிக்கை வந்தது, பயந்து மூடிவிட்டேன். லேப்டாப் ஆறு வருடப் பழையது. 8 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. எது தாங்கும்?

பழைய லென்ஸ்:

ஜிம்ப்பையும் டார்க்டேபிளையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள் நண்பரே, இரண்டும் வேறு வேலைக்கானவை. ஜிம்ப் ரா கோப்பைத் தானாகத் திறக்காது. டார்க்டேபிளோ, அதேபோல ராவைப் பதப்படுத்தும் ராதெரபியோ கணினியில் இருந்தால் கோப்பை அதனிடம் கொடுத்து, அது பதப்படுத்தித் தருவதை வாங்கிக்கொள்ளும். கொக்கின் பின்னால் நிற்கும் மின்கம்பத்தை அழிக்க, இரண்டு படத்தை ஒட்ட என்றால் ஜிம்ப் போதும். 2025ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து, போட்ட ஃபில்டரைப் பிறகு திரும்பப் போய் மாற்றவும் முடிகிறது. அஃபினிட்டியும் லேயர் வேலைக்கு (படத்தின் மேல் படமாக அடுக்கித் திருத்துவது) நன்றாக இருக்கும், ஆனால் ஆயிரக்கணக்கான படங்களை அடுக்கித் தேட அதில் இடமில்லை. உங்களுக்கு வேண்டியது ரா பதப்படுத்தும் மென்பொருள். பறவைப் படத்துக்கு நான் லேயரைத் தொட்டே வெகுநாளாகிறது.

அந்த எச்சரிக்கைக்கு வருகிறேன், ஏனென்றால் நானும் அதே இடத்தில்தான் ஓடிப்போனேன். டார்க்டேபிளில் நிறத்தைச் சரிசெய்யும் பகுதிகள் இரண்டு. ஒயிட் பேலன்ஸ் பகுதி கேமராவின் அடிப்படை அளவிலேயே இருக்கவேண்டும். வெளிச்சத்துக்கு ஏற்ற திருத்தத்தைக் கலர் கேலிப்ரேஷன் என்ற பகுதி பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் கைவைத்தால் ஒரே வேலை இரண்டு முறை நடக்கிறது என்று எச்சரிக்கிறது, அவ்வளவுதான். முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் மாற்றுங்கள். எக்ஸ்போஷர் (ஒளி அளவு), கலர் கேலிப்ரேஷன், சிக்மாய்டு (வெளிச்சம் இருட்டு வித்தியாசத்தை அமைப்பது), வெட்டுவது: இந்த நான்கைத் தவிர மற்றதை முதல் மாதம் பார்க்காதீர்கள். பட்டியல் நீளமாக இருப்பதால் எல்லாம் நமக்காக என்று நினைத்துவிடுகிறோம்.

ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கவேண்டும். நீங்கள் செய்த எடிட் எங்கே சேமிக்கப்படுகிறது? ராவில் உள்ள படத்தை இந்த மென்பொருட்கள் மாற்றுவதில்லை, உங்கள் திருத்தங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் எல்லாம் கேட்டலாக் என்ற ஒரே கோப்புக்குள் போகும். நான் முன்பு வைத்திருந்த ஒன்றில் அப்படித்தான். கணினி மாற்றும்போது படங்களை எல்லாம் கவனமாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றினேன், கேட்டலாக் வேறு இடத்தில் இருந்தது தெரியாது. பழைய கணினியை அழித்துக் கொடுத்தும் விட்டேன். படங்கள் அத்தனையும் பத்திரம், நான்கு வருட எடிட் போயிற்று. டார்க்டேபிள் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி கோப்பையும் எழுதி வைக்கும், ராதெரபி பிபி3 என்ற கோப்பை. ஃபோல்டரை நகலெடுத்தால் எடிட்டும் கூடவே வந்துவிடும்.

அதற்காக ஒன்றின் எடிட்டை இன்னொன்று புரிந்துகொள்ளும் என்று நம்பாதீர்கள். நட்சத்திரம், குறிச்சொல் போன்றவை பெரும்பாலும் இடம் மாறும், ஸ்லைடரில் செய்த திருத்தம் அப்படியே வராது. அதனால் நல்ல படம் ஒவ்வொன்றையும் முழு அளவில் ஒரு டிஃப் (TIFF) படக் கோப்பாகவும் வெளியே எடுத்து வைத்துவிடுகிறேன்.

இருட்டுக்கண்:

பழைய லென்ஸ் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் நாய்ஸ் (வெளிச்சம் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போல வரும் புள்ளிகள்) பற்றி ஒரு வார்த்தை இல்லையே! விடியலில் மீன்கொத்தி என்றால் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 3200, 6400 என்று போகும். அந்த இடத்தில் இலவச மென்பொருட்கள் பின்தங்குகின்றன என்பது என் அனுபவம். அடோபியின் லைட்ரூமில் 2023ல் வந்த டிநாய்ஸ், டிஎக்ஸ்ஓ மென்பொருளின் டீப்பிரைம் இரண்டும் இறகின் நுணுக்கத்தைத் தொடாமல் மணலை மட்டும் எடுக்கின்றன. டிஎக்ஸ்ஓவை ஒரேயடியாக வாங்கிக்கொள்ளலாம், சந்தா இல்லை. லைட்ரூமுக்கு அந்த வழி 2015ல் வந்த 6ஆம் பதிப்போடு முடிந்தது. இப்போதைய கிளாசிக்கில் சந்தாவை நிறுத்தினால் பழைய படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். படத்தைத் திருத்தும் டெவலப் பகுதியும் மேப் பகுதியும் பூட்டிக்கொள்ளும். இரண்டு மாதம் தொடாதவருக்கு அது பெரிய இழப்பா என்று யோசியுங்கள்.

ஒரு சிக்கல், இந்த நாய்ஸ் வேலைக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். உங்கள் லேப்டாப்பில் ஒரு படம் முடிய டீ குடித்துவிட்டு வரலாம். ஐந்நூறுக்கும் ஓட்டாமல் தேர்ந்த பத்துக்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம். வாங்குமுன் சோதனைப் பதிப்பில் உங்கள் சொந்தப் படத்தையே போட்டுப் பாருங்கள். அவர்கள் காட்டும் மாதிரிப் படத்தில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

நீர்க்காகம்:

இருவருக்கும் நன்றி. நேற்று உட்கார்ந்து பார்த்துவிட்டேன். ராவுக்கு மாறிய பிறகு எடுத்த ஒரே கொக்குப் படத்தை ராதெரபியிலும் டார்க்டேபிளிலும் திறந்தேன். இரண்டிலும் இறகு வந்தது! ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ராவில் 16,384 என்று எங்கோ படித்தபோது வெறும் எண்ணாக இருந்தது, முதுகின் மடிப்புகளைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ராதெரபி என் லேப்டாப்பில் கொஞ்சம் வேகமாகத் தெரிந்தது. ஆனால் கொக்கை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் இருட்டாக்க டார்க்டேபிளில் கையால் மாஸ்க் (திருத்தம் எங்கே விழவேண்டும் என்ற எல்லை) வரைவது எளிதாக இருந்ததால் அதிலேயே இருந்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் ஒரு தலைவலி. ஐந்நூறு ராவைத் திறந்து பார்ப்பதற்குள் லேப்டாப் கொதிக்கிறது. தேர்ந்தெடுப்பதை எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய லென்ஸ்:

எடிட்டரில் தேர்ந்தெடுக்காதீர்கள். ரா கோப்புக்குள்ளேயே கேமரா ஒரு ஜேபெக்கைப் பொதிந்து வைத்திருக்கும். அதை மட்டும் காட்டும் மென்பொருளில் புரட்டினால் இந்த லேப்டாப்பே நொடிக்கு ஒரு படம் காட்டும். நான் டிஜிகேம் வைத்திருக்கிறேன், அதுவும் இலவசம். முதல் சுற்றில் கண் கூர்மையாக இல்லாததெல்லாம் வெளியே. இரண்டாவது சுற்றில் ஒரே பாய்ச்சலின் இருபது படத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வேன், இதுதான் மனசு கேட்காத இடம். அப்புறம் மிஞ்சும் பன்னிரண்டோ பதினைந்தோ மட்டும் டார்க்டேபிளுக்குப் போகும்.

இருட்டுக்கண்:

பதினைந்தா? எனக்கு நாற்பது மிஞ்சும், அதுதான் பிரச்சினை. நீர்க்காகம், அந்தக் கொக்கை ஒருமுறை இங்கே போடுங்கள், இறகைப் பார்ப்போம்.